கோச்சியை விட்டு இறங்கிய பிறகு: மட்டக்களப்பு ரயிலையும் பஸ்ஸையும் இணைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் தண்டவாளம் வராத வரைக்கும் மட்டக்களப்பு ரயிலால் அம்பாறை மாவட்டத்துக்கு என்ன பலன்? இருக்கிற சேவையை வைத்துக்கொண்டு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். புதுப் பாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதற்கு முன்னால் செய்யக்கூடிய வேலை இரண்டு இருக்கிறது. ஒன்று, ரயில் வந்து நிற்கும்போது நிலைய வாசலில் தெற்கே போகும் பஸ் நிற்க வேண்டும். மற்றது, மட்டக்களப்புக்கும் வாழைச்சேனைக்கும் இடையே காலையும் மாலையும் குறுந்தூர ரயில் ஓட வேண்டும். முதலாவதற்குத் தேவை நேர அட்டவணையும் சில தொலைபேசி அழைப்பும். இரண்டாவதற்குத் தேவை ஒரு பவர் செட், அதாவது தனி இஞ்சின் பூட்டத் தேவையில்லாத ரயில்.

முதலில் பாதையின் அமைப்பு. மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து, கல்ஓயா சந்தியில் திருகோணமலைப் பாதையைப் பிரித்துவிட்டு, மின்னேரியா, ஹிங்குராக்கொடை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புணாணை, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் என்று வந்து மட்டக்களப்பில் முடிகிறது. (கல்ஓயா சந்தி என்றதும் அம்பாறைக் கல்லோயாத் திட்டத்தை நினைப்பவர்கள் இன்னும் உண்டு. இது ஹபரணைக்கு அப்பால் உள்ள சந்தி. அம்பாறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 1928இல் திறந்த பாதை. 1676 மில்லிமீற்றர் அகலப் பாதை, ஒற்றைத் தண்டவாளம், கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர். அம்பாறை மாவட்டத்துக்குள் ஒரு அடி தண்டவாளமும் இல்லை. மட்டக்களப்பிலிருந்து வீதியால் கல்முனை சுமார் 40 கிலோமீற்றர், அக்கரைப்பற்று 65, காரைதீவு வழியாக அம்பாறை நகரம் 70, பொத்துவில் நூற்றுக்கு மேல். ஆக, கரையோர அம்பாறைக்கு ரயில் நிலையம் என்றால் அது மட்டக்களப்புத்தான். இதை ஒப்புக்கொண்டு திட்டம் போட்டால் வழி தெரியும்.

இனி நேரம் எங்கே போகிறது என்று பார்ப்போம். கொழும்பிலிருந்து இரவுக் கோச்சி மட்டக்களப்புக்கு விடியப்புறம் வருகிறது. அக்கரைப்பற்றுக்குப் போகவேண்டியவர் இறங்கி, டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் நிற்பது ஓட்டோக்கள். பஸ் நிலையம் நிலைய வாசலில் இல்லை. பெட்டியும் பிள்ளையுமாக இருட்டில் நடக்க முடியாது. ஓட்டோவில் பஸ் நிலையத்துக்குப் போனால் முதல் பஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். 350 கிலோமீற்றரை ரயிலில் மலிவாகக் கடந்தவர் கடைசி இரண்டு கிலோமீற்றருக்கு ஓட்டோக் காசு கொடுத்து, அடுத்த 65 கிலோமீற்றருக்கு நேரத்தைக் கொடுக்கிறார். கொழும்பிலிருந்து வரும் இரவு பஸ்ஸோ அவரை அக்கரைப்பற்று மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கொண்டுவந்து இறக்கிவிடும். அவர் பஸ்ஸில் போவதில் வியப்பில்லை.

அப்படியிருந்தும் ரயிலுக்கு ஆள் இருக்கிறது. மகரகமைக்குச் சிகிச்சைக்குப் போகும் நோயாளி, மலசலகூடம் இல்லாமல் எட்டு மணித்தியாலம் இருக்க முடியாத வயதானவர்கள், அரசு தரும் பயண அனுமதியான வொறன்டில் போகும் அரச ஊழியர், சாமான் அதிகம் கொண்டுபோகும் குடும்பங்கள், பருவகாலத்தில் அறுகம்பைக்கு அலைப்பலகையோடு வரும் வெளிநாட்டார். இவர்களுக்குப் பஸ்ஸைவிட ரயில்தான் தோது. கடைசிக் கண்ணி அறுந்து கிடப்பதுதான் பிரச்சினை.

பஸ்ஸை வாசலில் நிறுத்துவது என்றால் வெறுமனே "ரயில் வரும் நேரத்துக்கு ஒரு பஸ் விடுங்கள்" என்று கடிதம் எழுதுவது அல்ல. அப்படித் தொடங்கும் இணைப்புச் சேவை நீடிக்காது. காரணம் எளிது: ரயில் ஒரு நாள் ஒன்றரை மணி பிந்தும், பஸ் வெறுமையாகப் புறப்படும், அடுத்த நாள் சாரதிக்கு மனம் வராது, அதற்கு அடுத்த கிழமை பஸ் வராது. இதைத் தடுக்கக் கணக்குப் போட்டு விதி எழுத வேண்டும்.

முதற் கணக்கு, வாசலைக் கடக்கும் நேரம். ஒரு ரயிலில் 400 பேர் இறங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒரே வாசலில் ஒருவர் நின்று டிக்கெட் வாங்குகிறார். ஆளுக்கு 2 விநாடி. 800 விநாடி, அதாவது 13 நிமிடத்துக்கு மேல். கடைசிப் பெட்டியில் வந்த கிழவி மேடை முழுக்க நடந்து வாசலுக்கு வர இன்னும் சில நிமிடம். ஆகவே பஸ் புறப்படும் நேரத்தை "ரயில் வரும் நேரம் கூட்டல் 20 நிமிடம்" என்று வைக்க வேண்டும். 10 நிமிடம் என்று அட்டவணையில் எழுதினால் வரிசையின் பின்பாதி பஸ்ஸின் பின்புறத்தைத்தான் பார்க்கும். ரயில் வரும் நேரத்துக்கு மட்டும் இரண்டாவது வாசலையும் திறந்துவிட்டால் இதே கணக்கு 7 நிமிடத்துக்கு இறங்கும். பஸ்ஸும் 15 நிமிடத்தில் எடுக்கலாம். சீமெந்தும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். ஒரு ஊழியரும் ஒரு திறப்பும் போதும்.

இரண்டாவது கணக்கு, எத்தனை பஸ். இதை ஊகிக்கக்கூடாது. ஒரு கிழமை, ஏழு நாளும், வாசலில் இரண்டு பேர் நின்று இறங்குபவரிடம் "எங்க போறீங்க?" என்று கேட்டுக் கோடு போட்டாலே போதும். நாலு நிரல்: நகரமும் காத்தான்குடியும், களுவாஞ்சிகுடி முதல் கல்முனை வரை, காரைதீவுக்குத் தெற்கே அக்கரைப்பற்று பொத்துவில் பக்கம், சம்மாந்துறை அம்பாறைப் பக்கம். வெள்ளியும் ஞாயிறும் மற்ற நாட்களைப்போல் இருக்காது. பாடசாலை விடுமுறைக் கிழமையில் எண்ணினால் கணக்குப் பிழைத்துவிடும். 400 பேரில் 100 பேர் தெற்கே போகிறார்கள் என்று வந்தால் 50 இருக்கை கொண்ட இரண்டு பஸ் போதும்: ஒன்று கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கரையோரமாக, மற்றது காரைதீவில் திரும்பிச் சம்மாந்துறை வழியாக அம்பாறைக்கு. இரண்டையும் ஒன்றாக எடுக்கத் தேவையில்லை. தூரம் போகிறது முதலில் போகட்டும். பொதிக்கு இடம் விட வேண்டும். பின் இருக்கை வரிசை ஒன்றைக் கழற்றாவிட்டால் பெட்டிகள் நடைபாதையை அடைக்கும். இடையில் இறங்குகிறவர் ஒவ்வொரு தரிப்பிலும் இரண்டு நிமிடம் தின்பார்.

மூன்றாவது, காத்திருப்பு விதி. கொழும்பிலிருந்து வரும் பகல் ரயிலான உதயதேவிக்குப் பஸ் காத்திருக்கவே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பிற்பகலில் கல்முனை வீதியில் பஸ் அடிக்கடி ஓடுகிறது. அந்த நேரத்தில் தேவை, ஓடுகிற பஸ்களில் சில நிலையத்தடியில் ஏறி இறங்கிப் போவதுதான். விடியப்புறம் வரும் ரயிலுக்குத்தான் விதி வேண்டும். அதை இப்படி எழுதலாம்: ரயில் வரும்வரை பஸ் நிற்கும், உச்சவரம்பு 60 நிமிடம், அதற்குள் வராவிட்டால் பஸ் புறப்படலாம், ஏனெனில் அப்போது வழமையான காலைப் பஸ்கள் ஓடத் தொடங்கியிருக்கும். அந்த 60 நிமிடத்துக்குச் சாரதிக்கும் நடத்துனருக்கும் கொடுப்பனவு யார் கொடுப்பது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் விதி செத்துவிடும்.

காத்திருப்பைக் குறைக்கும் வழி தகவல். மூன்று அழைப்புப் போதும். ரயில் பொலன்னறுவையை விட்டதும் ஒன்று, வாழைச்சேனையை விட்டதும் ஒன்று, ஏறாவூரை விட்டதும் ஒன்று. மட்டக்களப்பு நிலைய அதிபருக்கு இந்தத் தகவல் ஒற்றைப் பாதை நடைமுறையிலேயே எப்படியும் வந்துசேர்கிறது. அவர் அதை டிப்போவின் நேரக் காப்பாளருக்குச் சொன்னால் சரி. வாழைச்சேனையிலிருந்து ரயில் வர முக்கால் மணி அளவு ஆகும். அந்த அழைப்பு வந்த பிறகு சாரதியை எழுப்பி, டிப்போவிலிருந்து பஸ்ஸை எடுத்து நிலையத்துக்கு வரத் தாராளமாக நேரம் இருக்கிறது. ரயில் ஒரு மணி பிந்தினாலும் பஸ் வாசலில் வெறுமனே நிற்காது, சாரதி ஒரு மணி கூடத் தூங்குவார்.

எதிர்த்திசை இதைவிடச் சிக்கல். அக்கரைப்பற்றிலிருந்து வந்து ரயிலைப் பிடிப்பவர் தவறவிட்டால் அன்றைய பயணமே போச்சு. இங்கே சராசரி நேரத்தை வைத்து அட்டவணை போடுவதுதான் வழமையான பிழை. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு நாள் ஒரு மணியில் வரலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடி பிரதான வீதியில் நகர முடியாது; பாடசாலை விடும் நேரம் கல்லடிப் பாலத்தடியில் நெரிசல்; மாமாங்கத் தீர்த்த நாட்களில் நகருக்குள் வரவே முடியாது. மோசமான நாளின் நேரத்தை எடுத்து, அதற்கு மேல் 30 நிமிடம் வைத்து, பஸ் ரயிலடிக்கு வரும் நேரத்தைக் குறிக்க வேண்டும். நல்ல நாளில் பயணி முக்கால் மணி நிலையத்தில் காத்திருப்பார். பரவாயில்லை, ஆனால் அங்கே வெளிச்சம், குடிநீர், பூட்டுப் போடாத மலசலகூடம், பெண்கள் பயமில்லாமல் இருக்க ஒரு அறை வேண்டும்.

இனி யார் இதைச் செய்வது? ரயில் கொழும்பில் உள்ள திணைக்களத்தின் கீழ். இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) மத்திய அரசின் சபை. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது கிழக்கு மாகாணப் போக்குவரத்து அதிகார சபை. மாகாணம் கடந்து ஓடினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. நாலு இடம், நாலும் ஒரே மேசையில் உட்காரும் இடம் மாவட்டத்தில் ஒன்றுதான், கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூடும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டக் குழுக்களிலும் இதே தீர்மானம் வர வேண்டும், இல்லாவிட்டால் பஸ் களுவாஞ்சிகுடிக்கு அப்பால் போகாது. தனியார் பஸ் சங்கங்களின் ஆட்சேபத்தையும் இப்போதே எதிர்பார்க்கலாம். "எங்கள் நேரத்தில் இன்னொரு பஸ்ஸா?" என்பார்கள். அதனால்தான் தொடக்கத்தில் புது அனுமதி கேட்காமல், ஏற்கெனவே அதிகாலையில் புறப்படும் ஒரு இ.போ.ச. பஸ்ஸின் தொடக்க இடத்தைப் பஸ் நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்பது புத்தி. பாதை அதே பாதை, நேரம் சில நிமிட வித்தியாசம். அது நின்றுபிடித்த பிறகு இரண்டாவது பஸ்ஸைத் தனியாருக்கே கொடுக்கலாம்.

இரண்டாவது வேலையான குறுந்தூர ரயிலுக்கு வருவோம். மட்டக்களப்பு–வாழைச்சேனை சுமார் 30 கிலோமீற்றர். இடையில் ஏறாவூர், வந்தாறுமூலை, தேவபுரம், கல்குடா. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். இத்தனை ஆட்கள் இருக்கும் துண்டில் ரயில் என்பது கொழும்புக்குப் போகிறவர்களுக்கான வாகனமாகவே இருக்கிறது. ஏறாவூரிலிருந்து மட்டக்களப்புக்கு யாரும் கோச்சியில் வேலைக்குப் போவதை நினைப்பதில்லை, நேரம் அப்படி.

நேரத்தை இப்படிப் போடலாம். பாடசாலை 7.30க்கு, அலுவலகம் 8.30க்கு. ஒரே ஒரு பவர் செட் இருக்கிறது. இரவு அது வாழைச்சேனையில் நிற்கிறது. தரிப்புகளோடு சராசரி 40 கிலோமீற்றர் வேகம் என்றால் 30 கிலோமீற்றருக்கு 45 நிமிடம். 6.15க்கு எடுத்தால் 7.00க்கு மட்டக்களப்பு, மாணவர் பாடசாலைக்கு நடந்து போகலாம். அதே செட்டை மறுபடி வாழைச்சேனைக்கு அனுப்பினால் அது திரும்பி வர ஒன்பதை நெருங்கிவிடும், அலுவலகக்காரருக்கு உதவாது. அதனால் 7.10க்கு எடுத்து வந்தாறுமூலை வரை மட்டும் விட வேண்டும். 18 கிலோமீற்றர், 27 நிமிடம்; 7.37க்குப் பல்கலைக்கழக மாணவர் இறங்குவார்கள், எட்டு மணி விரிவுரைக்கு நேரம் சரி. 7.45க்கு அங்கிருந்து எடுத்தால் 8.12க்கு மட்டக்களப்பு, அலுவலகக்காரருக்குச் சரி. ஒரு செட், ஒரு பணிக்குழு, இரண்டு மணிக்குள் மூன்று பயணம், மூன்றிலும் ஆள். பிற்பகல் 1.50க்கும் 4.45க்கும் திரும்பும் பயணம்.

இந்தக் கணக்கில் பிழைக்கக்கூடிய இடம் எது என்றும் சொல்ல வேண்டும். இந்தப் பாதையில் ரயில் ஓடுவது டப்லட் முறையில். நிலைய அதிபர் கையளிக்கும் அந்த வட்டத் தகடு கையில் இல்லாமல் சாரதி அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான். இரண்டு டப்லட் நிலையங்களுக்கு இடையே 20 கிலோமீற்றர், வேகம் 50 என்றால் 24 நிமிடம். டப்லட் எடுத்துக் கொடுக்க 4 நிமிடம். ஒரு ரயில் போய் எதிரில் ஒன்று வர மொத்தம் ஏறத்தாழ ஒரு மணி. நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ரயில்கள் ஓடும் பாதைக்கு இது தாராளம். ஆனால் சிறு தரிப்பிடத்தில், நிலைய அதிபரும் மாற்றுத் தண்டவாளமும் இல்லாத இடத்தில், ரயிலைத் திருப்பினால் அது திரும்பி வரும்வரை அந்தப் பகுதி முழுவதும் அடைபட்டுக் கிடக்கும். காலை 7.10 முதல் 8.12 வரை கொழும்பிலிருந்து பிந்தி வரும் இரவு ரயில் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்தால் யாரை நிறுத்துவது? பயணிகள் அதிகம் என்பதால் இரவு ரயிலுக்கே வழிவிடுவார்கள். குறுந்தூர ரயில் அன்று 40 நிமிடம் பிந்தும். இரண்டு தடவை பிந்தினால் ஆசிரியையும் எழுதுவினைஞரும் மறுபடி மோட்டார் சைக்கிளுக்குப் போய்விடுவார்கள். ஆகவே விதி முன்கூட்டியே வேண்டும்: இரவு ரயில் குறித்த நேரத்துக்குள் வாழைச்சேனைக்கு வராவிட்டால், குறுந்தூர ரயில் போய்த் திரும்பும்வரை அது அங்கே நிற்கும். ஏற்கெனவே பிந்தியவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் பெரிதல்ல. குறித்த நேரத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது எல்லாம்.

செட் ஏன், இஞ்சின் பூட்டிய சாதாரண ரயில் ஏன் கூடாது? கடைசி நிலையத்தில் இஞ்சினைக் கழற்றி, பக்கத் தண்டவாளத்தால் மறு முனைக்குக் கொண்டுபோய், பூட்டி, பிரேக் பார்த்து முடிக்க 15, 20 நிமிடம் போய்விடும். பவர் செட்டில் இரண்டு முனையிலும் சாரதி அறை உண்டு. சாரதி மேடையில் நடந்து மறுபக்கம் ஏறினால் முடிந்தது. செட் கிடைக்காவிட்டால் ரயில் பஸ் ஒரு வழி. இரண்டு பஸ்களைப் பின்னுக்குப் பின் பொருத்தித் தண்டவாளச் சக்கரம் போட்டு ஓடவிடுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. எடை குறைவு, டீசல் குறைவு. ஆனால் பழுதாகி நடுவழியில் நின்றால் ஒற்றைப் பாதையே அடைபடும். மாடு குறுக்கே வந்தாலும் கனமான இஞ்சினைப்போல அது தாங்காது. ஏறாவூருக்கும் வாழைச்சேனைக்கும் இடையே மாடு வராத நாள் எது?

மழையும் யானையும் இந்தப் பாதையின் நிரந்தரப் பிரச்சினைகள். வடகீழ்ப் பருவமழையில் மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புணாணைப் பக்கம் வெள்ளம் தண்டவாள மண்ணணையைத் தொடும். மதகுகள் அடைபட்டிருந்தால் தண்ணீர் மண்ணணைக்கு மேலால் பாயும், சல்லி அள்ளுண்டு போகும், சிலிப்பர் கட்டைகள் அந்தரத்தில் தொங்கும். ஒக்டோபருக்கு முன் மதகும் பக்க வடிகாலும் துப்புரவாக்குவது சலிப்பான வேலை, படம் எடுத்துப் போட முடியாத வேலை, அதனாலேயே தவறுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது ரயில் சேவை நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். அப்படியான வேளைக்கும் ஒரு ஏற்பாடு எழுதி வைத்திருக்க வேண்டும். பொலன்னறுவை நிலையம் கதுருவெலயில், அங்கேதான் பஸ் நிலையமும். கொழும்புப் பக்கத்து ரயில் அதுவரை ஓடுமானால், அங்கிருந்து மட்டக்களப்புக்கு ரயில் டிக்கெட்டோடேயே பஸ் ஏறலாம் என்ற ஒழுங்கு முன்கூட்டியே இருந்தால் பயணி நடுவழியில் நிற்கமாட்டார்.

வெள்ளம் வடிந்த பிறகு வருவது தற்காலிக வேகத்தடை, அதாவது பழுதான துண்டுகளில் ரயில் மெதுவாகவே ஓட வேண்டும் என்ற கட்டுப்பாடு. 2 கிலோமீற்றர் துண்டில் 60க்குப் பதில் 20இல் ஓடினால் 2 நிமிடத்துக்குப் பதில் 6 நிமிடம்; வேகத்தைக் குறைத்துக் கூட்ட இன்னும் ஒன்றரை நிமிடம். அப்படி ஐந்து துண்டு இருந்தால் கிட்டத்தட்ட அரை மணி போய்விடும். பஸ் இணைப்பு அறுவது பெரும்பாலும் இந்த அரை மணியில்தான், பெரிய விபத்துகளில் அல்ல. பாதையைச் சீராக்கும் காசு முழுவதும் கிடைக்காவிட்டாலும், எந்த ஐந்து துண்டை முதலில் சரிசெய்தால் அதிக நிமிடம் மீளும் என்று நிரல்படுத்தலாம். அதுவும் முடியாவிட்டால் குறைந்தபட்சம் அட்டவணையை உண்மைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். ஐந்து மணிக்கு வரும் என்று எழுதி ஐந்தரைக்கு வரும் ரயிலைவிட, ஐந்தரைக்கு என்று எழுதி ஐந்தரைக்கே வரும் ரயில்தான் பஸ்காரருக்கு வேண்டியது.

யானை விடயத்தில் இது இன்னும் முக்கியம். 2024 ஒக்டோபரில் மட்டக்களப்புக்கு எண்ணெய் ஏற்றிவந்த ரயில் மின்னேரியாப் பக்கம் யானைகளில் மோதித் தடம்புரண்டது. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து போன மீனகயா கடுகதி ரயில் கல்ஓயாப் பகுதியில் மோதி ஆறு யானைகள் செத்தன. மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீற்றர். சாரதி கண்டு பிரேக்கில் கை வைக்க 2 விநாடி, பிறகு விநாடிக்கு அரை மீற்றர் வீதம் வேகம் குறைந்தாலும் நிற்க 300 மீற்றருக்கு மேல் வேண்டும். வளைவில், இரவில், அவ்வளவு தூரம் வெளிச்சம் எட்டாது. ஆகவே அந்தத் துண்டுகளில் இரவு வேகக் கட்டுப்பாடு இருக்கத்தான் வேண்டும். அதனால் போகும் நிமிடங்களை அட்டவணையில் சேர்த்துவிட்டு, மீட்கவேண்டிய நிமிடங்களை யானை இல்லாத துண்டில், வாழைச்சேனைக்கு இப்பால், தேட வேண்டும்.

வாழைச்சேனையையும் சும்மா விடக்கூடாது. வாகரை, திருகோணமலைப் பக்கம் போகிறவர் மட்டக்களப்புவரை வந்து திரும்புவது வீண். ரயிலில் திருகோணமலைக்குப் போவதானால் கல்ஓயா சந்திவரை போய் மாற வேண்டும், அது இன்னும் சுற்று. வாழைச்சேனையில் இறங்கி வடக்கே பஸ் பிடிப்பதுதான் நேர்வழி. ஓட்டமாவடிப் பாலத்தில் ரயிலும் வாகனமும் ஒன்றையொன்று பார்த்துக் காத்துக்கிடந்த காலம் புதுப் பாலத்தோடு போய்விட்டது, ஆகவே அந்தப் பக்கம் பஸ் நேரம் இப்போது நம்பகமானது. பாசிக்குடாவுக்குக் கல்குடா நிலையம் கிட்ட; அங்கே தேவை ஓட்டோக்களுக்கு எழுதிவைத்த கட்டணப் பலகை. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கு 2014இல் திறந்த மண்முனைப் பாலம் வழி தந்திருக்கிறது. கொக்கட்டிச்சோலைப் பஸ் ஒன்று நாளுக்கு இரண்டு தடவை ரயிலடியைத் தொட்டாலே பெரிய உதவி.

ஒரே டிக்கெட்டில் ரயிலும் பஸ்ஸும் என்பது நல்ல யோசனைதான், ஆனால் அதை முதலில் பிடித்துக்கொண்டு தொங்கக்கூடாது. வருமானத்தைப் பங்கிடும் பேச்சில் ஆண்டுகள் போகும். இ.போ.ச. பஸ்ஸில் மட்டும், நிலையத்திலேயே ஒரு நடத்துனர் நின்று இருக்கை எண் எழுதிய பஸ் டிக்கெட்டை விற்றால் போதும்.

இனிக் கல்முனைக்குத் தண்டவாளம். வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்தறை–பெலியத்த நீட்டிப்பு 26.75 கிலோமீற்றர், 2019 ஏப்ரலில் திறந்தது, செலவு 278 மில்லியன் அமெரிக்க டொலர். கிலோமீற்றருக்குப் 10 மில்லியனுக்கு மேல். அதே விலையில் கல்முனைக்கு 40 கிலோமீற்றர் என்றால் 400 மில்லியனைத் தாண்டும். இங்கே மட்டக்களப்பு நிலையத்திலிருந்து வாவியைக் கடக்க வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள எழுவான்கரை ஒடுங்கிய நிலம். காத்தான்குடியில் வீட்டோடு வீடு. அதற்குள் பாதை போட்டால் காணி சுவீகரிப்பே பத்து வருடம் எடுக்கும். படுவான்கரை வழியாக, வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்தால் போனால் வீடுகள் குறைவு, ஆனால் வயலும் வெள்ளமும். மண்ணணை உயரமாகவும் மதகு நெருக்கமாகவும் வேண்டும், இல்லாவிட்டால் மேற்கே வெள்ளம் தேங்கி விவசாயியின் வயிற்றில் அடிக்கும். மக்கள் தொகை எழுவான்கரையில், நிலம் படுவான்கரையில்; இந்த முடிச்சை அவிழ்க்காமல் யாரும் பாதை போட முடியாது. இப்போது கேட்கவேண்டியது ஒன்றுதான்: எந்த வழி என்று முடிவெடுத்து, அந்த ஒடுங்கிய கீற்று நிலத்தில் புதுக் கட்டடம் எழும்பாமல் ஒதுக்கிவைக்கச் சொல்வது. பஸ் இணைப்பில் ஆள் சேர்வதைக் காட்டும் எண்கள் கையில் இருந்தால், பாதை கேட்கும்போது வாதத்துக்கும் வலு.

அந்த எண்களை எடுக்க வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ரயில்வே திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். "ரயில் ஏன் பிந்துகிறது?" என்று கேட்டால் பதில் கதையாக வரும். பதிவேட்டைக் கேளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் மட்டக்களப்பு நிலையத்துக்கு ஒவ்வொரு ரயிலும் வந்த உண்மை நேரம், நாள்வாரியாக, மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை நிலையங்களில் விற்ற டிக்கெட், மாதவாரியாக, கல்ஓயா சந்திக்கும் மட்டக்களப்புக்கும் இடையே நடைமுறையிலுள்ள வேகத்தடைகள், இடமும் நீளமும் தொடங்கிய திகதியும். மூன்றையும் மூன்று தனித்தனி விண்ணப்பமாகப் போடுங்கள். ஒன்றாகப் போட்டால் ஒன்றுக்குப் பதில் இல்லாததால் மூன்றும் தாமதமாகும். பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வந்ததும் நேரங்களை முந்தியது முதல் பிந்தியது வரை ஒரு தாளில் வரிசையாக எழுதி, பத்தில் எட்டுப் பங்கு முடியும் இடத்தில் கோடு போட்டால், பஸ் எத்தனை மணிக்கு நின்றால் பத்தில் எட்டு நாள் ரயிலைப் பிடிக்கும் என்று தெரிந்துவிடும். அந்தத் தாளோடு ஒருங்கிணைப்புக் குழுவுக்குப் போங்கள்.